இடமிருந்து நூற்றுப் பதினேழு

தறி லிஃப்டுக்குள் நுழையவில்லை.
மூன்று மாடி, ஈரப்பாவும் அவர் மச்சானும்
தோளில் ஏற்றி வந்து கூடத்தில் இறக்கிவிட்டு
சோஃபாவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.
சோஃபா கீழே போனது.

பன்னேர்கட்டா ரோட்டில் கனடாவுக்குக் கிளம்பிய யாரோ
பாதி விலைக்குக் கொடுத்தது.
நாலு சட்டம், ஆறு மிதி, ஒரு போல்ட் குறைவு.
எதுக்கு மேடம் இது?
சும்மா என்றேன்.

இருபத்தாறு வருடம் சிப்புக்குள் கம்பி வரைந்தவள்.
தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலம்;
ஒரு கோடு இன்னொன்றைத் தொடாமல் பார்த்துக்கொள்வது வேலை.
தொடவிட்டதில்லை.

இப்போது எதிரில் இருப்பவர் முகத்தின் நடுவில்
ஈரக் கட்டைவிரலால் தேய்த்த மாதிரி ஓர் இடம்.
மூக்கைத் தேடினால் மூக்கு இராது,
காதைப் பார்த்தால் மூக்கு கொஞ்சம் கிடைக்கும்.
எதைப் பார்க்க வேண்டுமோ
அதைப் பார்க்கக் கூடாது.

டாக்டர் ஒரு கட்டத்தாள் கொடுத்தார்.
சதுரம் சதுரமாக, நடுவில் புள்ளி.
ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள், தினம் ஒற்றைக் கண்ணால் பாருங்கள்,
கோடு வளைந்தால் போன் செய்யுங்கள்.
வளைந்தது. செய்தேன்.
கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள்.
வளைவது தாள் இல்லை என்று எனக்குத் தெரியும்.
கண்ணுக்குத் தெரியாது.

பாவுக்கு நானூற்று முப்பத்திரண்டு இழை.
விழுதுகளுக்குப் பின்னால் கறுப்புப் போர்வை தொங்கவிட்டேன்,
பன்னிரண்டு இழைக்கு ஒரு சேஃப்டி பின்.
ஒன்று சுட்டுவிரல், இரண்டு நடுவிரல்,
மூன்று மோதிரவிரல், நான்கு சுண்டுவிரல்.
விளக்கில்லாமல் கை இன்னும் வேகமாகப் போகும் என்பதை
இரண்டாம் நாள் சாயங்காலம்
பெஸ்காம்காரர்கள்தான் காட்டிக்கொடுத்தார்கள்.
விழுதில் நூல் நுழையும் துளைக்கும் கண் என்றுதான் பெயர்.
ஒரு கண்ணுக்கு ஒரே இழை,
அதற்குமேல் அவை ஆசைப்படுவதில்லை.

கீழ்வீட்டு தபஸ்ஸும் வந்து நின்றாள்.
நான் கோத்துத் தரட்டா?
வேண்டாம், கறுப்பு எது கருநீலம் எது, அதை மட்டும் சொல்.
சொன்னாள்.
ஜன்னலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்து
மாற்றிச் சொன்னாள்.
பால்கனிக்குப் போய், அய்யோ எனக்கே தெரியலையே என்றாள்
இருபது இருபது கண்ணோடு.
கடைசியில் ஒன்றுக்கு ரப்பர் பேண்ட் சுற்றினோம்;
அது கருநீலம் என்று வைத்துக்கொண்டோம்.

நடுவில் இரண்டு முறை பிரித்தேன்.
ஒருமுறை அழுதேன், அது இழைக்காக இல்லை,
குக்கர் நாலு விசில் விட்டிருந்தது.

பதினோராம் நாள்
அச்சில் இழுத்து, படமரத்தில் கட்டி, இறுக்கி
முன்னால் நின்று பார்த்தால்
அதே கட்டத்தாள்.
நீளப் போகும் கோடுகள் மட்டும்,
குறுக்குக் கோடுகளை இனி நான்தான் போட வேண்டும்.

வளைந்தன.
பழகிய வளைவு, நடுவில் தொப்பை மாதிரி.
தலையைத் திருப்பினேன், கூடவே வந்தது.
சரி, இது என்னுடையது.

இன்னொன்று வரவில்லை.
இடப்பக்கம்
நின்ற இடத்திலேயே நின்றது.

உள்ளங்கையைப் பாவின்மேல் ஓட்டினேன்.
இறுக்கம், இறுக்கம், இறுக்கம்,
பிறகு ஒரு சின்னப் பள்ளம்.
ஒன்பது பின் தாண்டி ஒன்பதாவது இழை,
முதல் சட்டம், சுட்டுவிரல் கோத்தது.
தபஸ்ஸும், ஓடி வா,
இது தொங்குகிறதா, சொல்.
தொங்குதுக்கா. அதுக்கு ஏன் சிரிக்கிறீங்க?

ஈரப்பா ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வந்திருந்த போல்ட்,
மிஞ்சியதை அந்த இழையில் கட்டி
பின்புறம் தொங்கவிட்டேன்.
மிதிக்கும்போதெல்லாம்
அது தறிக்காலில் லேசாக இடிக்கிறது.